மலையகத்தில் கோடைக்காலப் பின்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்ததும் பின்னல் பையைக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவது நம் பக்கத்தில் பலரின் வழக்கம். "இனிக் குளிர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். குளிர் வந்த பிறகு எடுத்தால், பிள்ளைக்கு வேண்டிய சுவெட்டர் குளிர் முடியும்போதுதான் முடியும். கோடையில் பின்னுவதே சரியான காலக்கணக்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் பின்னல் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று குறிப்பிடுகிறேன். நிட் (நேர்ப்பக்கக் கண்ணி), பேர்ல் (மறுபக்கக் கண்ணி) என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களையும் எல்லோரும் சொல்வதுபோல அப்படியே விட்டிருக்கிறேன்.

மலையில் கோடை என்று எதை எடுத்துக்கொள்வது? அந்த நாட்களில் பின்ன என்ன இருக்கிறது?

நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் பனியும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் நேர்மாறு. ஜூலையில் அக்கா தலவாக்கலையில் ஈரத்துணியை அடுப்புக்கு மேல் காயப்போட்டுக்கொண்டிருப்பாள். பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த தங்கை புழுதி பறக்கும் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள்.

பின்னுகிறவர்களுக்கு அதைவிட முக்கியமானது ஒரு நாளுக்குள் நடக்கும் மாற்றம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மதியத்தில் 20 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பம், விடியற்காலையில் 12 பாகை அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே வேலையை நேரம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் பருத்தி நூலில் சின்ன வேலை ஒன்று. விளக்கேற்றிய பிறகு மடியில் கிடந்து சூடு கொடுக்கும் பெரிய வேலை ஒன்று. இரண்டு பைகள், இரண்டு ஊசிச் சோடிகள். இதைப் பழகியவர்களுக்குக் கோடை தடையே இல்லை.

கோடைக்கு எந்த நூல் நல்லது?

நம் கடைகளில் அதிகம் கிடைப்பது அக்ரிலிக். விலை குறைவு, நிறம் ஏராளம், பூச்சி அரிக்காது, துவைப்பது எளிது. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. மதிய வெயிலில் அக்ரிலிக் நூலைப் பிடித்திருந்தால் விரலிடுக்கில் பிசுபிசுக்கும். அதில் பின்னிய மேற்சட்டையை வெயிலில் போட்டால் உடம்பு புழுங்கும். பனிக்காலத் தொப்பிக்கும் மப்ளருக்கும் அது போதும். கோடை உடுப்புக்கு வேண்டாம்.

பருத்தி நூல் கைக்குக் குளிர்ச்சி, உடம்புக்கும் குளிர்ச்சி. ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. பருத்திக்கு இழுவை கிடையாது. கம்பளி நூல் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும். பருத்தி இழுத்த இடத்திலேயே நிற்கும். அதனால் கையின் இறுக்கம் கொஞ்சம் மாறினாலும் வரிசை கோணலாகத் தெரியும், மணிக்கட்டும் சீக்கிரம் நோகும். பருத்திக்குக் கனமும் அதிகம். முழங்கால் வரை நீளும் மேலங்கி ஒன்றைப் பருத்தியில் பின்னினால் அது தன் பாரத்திலேயே நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போகும். கையில்லாத சட்டை, குழந்தைக்கான மெல்லிய போர்வை, கைதுடைக்கும் துணி, சந்தைப் பை: பருத்திக்கு ஏற்றவை இவை. மினுமினுப்பான பருத்தி நூல் கிடைத்தால் வாங்கலாம். நூலைக் காரத்தில் நனைத்து உறுதியாக்கும் அந்த முறையை 19ஆம் நூற்றாண்டில் ஜோன் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். அப்படிப் பதப்படுத்திய நூல் சிலும்பாது, சாயமும் நன்றாகப் பிடித்திருக்கும்.

என் கைக்கு மிகவும் பிடித்தது பருத்தியும் அக்ரிலிக்கும் பாதிக்குப் பாதி கலந்த நூல். பருத்தியின் குளிர்ச்சி கொஞ்சம் இருக்கும், கனம் குறைந்திருக்கும், மழைநாளில் சீக்கிரம் காயும். மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைசிக் குணம் ஒன்றே போதும்.

கம்பளி நூல் உடம்பில் குத்தும் என்கிறார்களே?

எல்லாக் கம்பளியும் குத்தாது. இழையின் பருமன்தான் காரணம். ஏறக்குறைய 30 மைக்ரோனுக்கு மேல் தடித்த இழைகளின் நுனி தோலில் குத்தும். மெரினோ ஆட்டின் இழை அதைவிட மிக மெல்லியது, குழந்தையின் கழுத்திலும் உறுத்தாது. முன்னாளில் தோட்டத்தில் கொடுத்து, விலையைக் கூலியில் பிடித்துக்கொண்ட அந்தக் கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டு மழையில் கொழுந்தெடுத்த பாட்டிமார் சொன்ன கதைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அது முரட்டு இழை. அந்த நினைவை வைத்துக்கொண்டு நல்ல கம்பளி நூலை ஒதுக்கிவிடாதீர்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததுபோல் இருக்காது. மூடுபனி இறங்கும் ஊருக்கு இதைவிட ஏற்ற நூல் இல்லை.

கடையில் லேபல் இல்லாமல் உருண்டையாக விற்கிறார்கள். என்ன நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, குறட்டில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். மயிர் பொசுங்கிய நாற்றம் வந்து, தீயை எடுத்ததும் தானாக அணைந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. காகிதம் எரிந்த மணமும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி. உருகிச் சொட்டி, ஆறியதும் கல்லுப்போல் கறுத்த குமிழாக நின்றால் அக்ரிலிக் அல்லது வேறு செயற்கை நூல். சூடான குமிழைத் தொடாதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும். கலப்பு நூலில் இரண்டு அடையாளமும் சேர்ந்து வரும்.

பழைய சுவெட்டரைப் பிரித்து அந்த நூலில் பின்னலாமா?

தாராளமாக. நல்ல கம்பளி நூல் நமக்கு இறக்குமதியாகி வருகிறது, விலையும் அதற்கேற்றபடிதான். ஆனால் நுவரெலியாவின் பேல் பஸாரிலும் வாரச்சந்தைகளிலும் குவித்து வைத்திருக்கும் சுவெட்டர்களுக்குள் சில நேரம் அருமையான நூல் கிடைக்கும். கோடையில் கை சும்மா இருக்கும் பிற்பகலுக்கு இதைவிட நிறைவான வேலையை நான் அறியேன். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாங்கும் முன் சுவெட்டரை உள்பக்கம் திருப்பி விலாத் தையலைப் பாருங்கள். ஓரம் வெட்டப்பட்டு, மெல்லிய தையல் நூல்கள் சங்கிலியாகச் சுற்றி ஓடியிருந்தால் அதை வைத்துவிடுங்கள். துணியை வெட்டித் தைத்தது அது; பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் துண்டு துண்டாக வரும். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் பின்னப்பட்டு, ஓரத்தில் கண்ணிகள் முழுதாக வளைந்து திரும்புவது தெரிந்தால் அது பிரியும். துவைத்துத் துவைத்துச் சுருங்கி, கண்ணிகள் ஒன்றோடொன்று அப்பிப்போன கம்பளியும் பிரியாது.

முதலில் தையலைக் கவனமாக வெட்டி, முன், பின், இரண்டு கைகள் என்று நான்கு பகுதிகளாக எடுங்கள். ஒவ்வொரு பகுதியையும் பின்னி முடித்த ஓரத்திலிருந்து, பெரும்பாலும் கழுத்து அல்லது தோள் பக்கமிருந்து பிரிக்க வேண்டும். அடியிலிருந்து இழுத்தால் நூல் சிக்கும். சரியான முனை கிடைத்துவிட்டால் இழுக்க இழுக்க வரிசை வரிசையாக ஓடி வரும். சின்னப் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போட்டி போடுவார்கள். வரும் நூலை உருண்டையாக்காமல் கதிரையின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் வேறு நிற நூலால் தளர்வாகக் கட்டுங்கள். அந்த நூல் நெளிநெளியாக இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, கசக்காமல் தண்ணீரை அழுத்தி எடுத்து, கொடியில் தொங்கவிட்டு, கீழ் வளைவில் தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். காய்ந்ததும் நெளிவு போயிருக்கும். பிறகு உருண்டையாகச் சுற்றலாம். சுற்றும்போது நூல் விரலில் ஓடும். மெலிந்த இடம் வந்தால் விரல் உடனே சொல்லும். அந்த இடத்தில் வெட்டி முடிந்துகொள்ளுங்கள்.

பெரியவர் சுவெட்டர் ஒன்றைப் பிரித்தால் பிள்ளைக்கு ஒரு சுவெட்டரும் தொப்பியும் பின்னத் தாராளமாக நூல் கிடைக்கும்.

பாட்டியின் ஊசியில் 8 என்று இருக்கிறது. புதிய மாதிரிகளில் மில்லிமீற்றரில் போட்டிருக்கிறார்கள். எது எது?

நம் பழைய ஊசிகள் பெரும்பாலும் பிரித்தானிய எண்முறையில் வந்தவை. அந்த முறை கம்பியின் பருமன் எண்ணிலிருந்து பிறந்தது என்பதால் எண் கூடக் கூட ஊசி மெலியும். 14 என்றால் 2 மில்லிமீற்றர். 12 என்றால் 2.75, 10 என்றால் 3.25, 9 என்றால் 3.75, 8 என்றால் 4, 7 என்றால் 4.5, 6 என்றால் 5, 4 என்றால் 6 மில்லிமீற்றர். அமெரிக்க மாதிரிகளில் எண் கூடினால் ஊசி தடிக்கும். அங்கே 6 என்பது 4 மில்லிமீற்றர், 8 என்பது 5 மில்லிமீற்றர். "எண் 8 ஊசி" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த நாட்டு மாதிரி என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சைக்கிள் சக்கரக் கம்பியைத் தேய்த்து ஊசியாக்கியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வழக்கமான சக்கரக் கம்பி 2 மில்லிமீற்றர் பருமன்தான். அதாவது பழைய எண் 14 ஊசியும் அதுவும் ஒன்றே. மேஸ் (காலுறை) பின்ன அருமையானது. நுனியை மட்டும் நன்றாக மழுக்கித் தேய்க்க வேண்டும்.

உலோக ஊசியா, மூங்கில் ஊசியா?

வெயில் நேரத்துக்கு மூங்கில். வியர்த்த கையில் உலோகம் பிசுபிசுத்து, கண்ணி நகராமல் நிற்கும். மூங்கில் வியர்வையை ஏற்றுக்கொள்ளும், இலேசாகவும் இருக்கும். பருத்தி நூல் வழுக்குவதால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் மூங்கில்தான் கைகொடுக்கும். கம்பளி நூலில் வேகமாகப் பின்னப் பழகிய கைக்கு அலுமினியம் நல்லது. பழைய உருக்கு ஊசிகள் மழை மாதங்களில் துருப்பிடிக்கும். துருக்கறை நூலில் ஏறினால் போகாது.

பெரிய வேலைக்கு வட்ட ஊசி வாங்குங்கள். இரண்டு குட்டை ஊசிகளை மெல்லிய குழாய் ஒன்று இணைத்திருக்கும். சுவெட்டரின் பாரம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும். நெருக்கமான லயத்து வாசலில் பக்கத்தில் இருப்பவரின் விலாவில் முழங்கை இடிக்காது என்பதும் ஒரு நன்மை.

மாதிரித் துண்டு பின்னித்தான் ஆக வேண்டுமா?

உடுப்பு என்றால் ஆம். கையின் அளவு தெரிய முதலில் பின்னிப் பார்க்கும் சின்னச் சதுரம்தான் அது. 4 மில்லிமீற்றர் ஊசியில் டபிள் நிட்டிங் என்ற நடுத்தரப் பருமன் நூலுக்குப் பொதுவான அளவு, 10 சென்றிமீற்றருக்கு 22 கண்ணி, 28 வரிசை. உங்கள் கை இறுக்கமாக இருந்து 24 கண்ணி வந்தால், 90 சென்றிமீற்றர் சுற்றளவு வேண்டிய சட்டை 82 அளவில் வந்து நிற்கும். பருத்தி என்றால் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளவெடுங்கள். கைதுடைக்கும் துணிக்கும் மப்ளருக்கும் இது தேவையில்லை.

முதல் வேலையாக எதைப் பின்னலாம்?

எல்லோரும் மப்ளர் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே வரிசையை ஒன்றரை மீற்றர் நீளத்துக்குப் பின்னிச் சலித்து, பாதியில் ஊசியைப் போட்டவர்கள் அதிகம். கைக்குழந்தைத் தொப்பி பின்னுங்கள். இரண்டு மூன்று மாலைகளில் முடியும், போட்டுப் பார்க்க ஒரு தலையும் எங்காவது கட்டாயம் இருக்கும். மலையில் பிறக்கும் பிள்ளைக்கு எந்த மாதத்திலும் தொப்பி வேண்டும்.

மென்மையான டபிள் நிட்டிங் நூல் 30 கிராம், 4 மில்லிமீற்றர் ஊசி. 74 கண்ணி ஏற்றுங்கள். இரண்டு நிட், இரண்டு பேர்ல் என்று மாற்றி மாற்றி 3 சென்றிமீற்றர் பின்னினால் இழுவையுள்ள விளிம்பு வரும். அடுத்த வரிசைகளில் உங்கள் பக்கம் நிட்டாகத் தெரியும் கண்ணியை நிட்டாகவும் பேர்லாகத் தெரிவதைப் பேர்லாகவும் பின்னிக்கொண்டு போங்கள். 74 என்பது நான்கால் மீதமின்றி வகுபடாது. ஆகவே முதல் வரிசை இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டில் முடியும், திரும்பும் வரிசை இரண்டு பேர்லில் தொடங்கி இரண்டு பேர்லில் முடியும். அதனால் தையல் போடும் இடம் அழகாக இணையும். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பேர்ல் என்று மொத்த உயரம் 11 சென்றிமீற்றர் ஆகும்வரை.

இனி உச்சியைக் குறுக்க வேண்டும். நிட் வரிசையில்: ஓரக் கண்ணி ஒன்று, அடுத்து ஏழு நிட், பிறகு இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட் என்ற இந்தத் தொகுதி முழுவதையும் எட்டு முறை, கடைசியில் ஓரக் கண்ணி ஒன்று. திரும்பும் வரிசை முழுதும் பேர்ல். அடுத்த நிட் வரிசையில் ஏழுக்குப் பதிலாக ஆறு, அதற்கடுத்து ஐந்து, இப்படியே. ஒவ்வொரு தடவையும் எட்டுக் கண்ணி குறையும். எட்டாவது குறைப்பில் ஓரக் கண்ணிகள் இரண்டைத் தவிர மற்ற எல்லாம் இரண்டிரண்டாகச் சேர்ந்து பத்து மட்டும் மிஞ்சும். நூலை வெட்டி, தையல் ஊசியில் கோத்து, அந்தப் பத்துக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி இழுத்து, அதே நூலால் பின்பக்கத் தையலையும் போட்டுவிடுங்கள். விளிம்பு தட்டையாக வைத்து அளந்தால் சின்னதாகத் தெரியும். தலையில் ஏறும்போது விரியும். கைக்குழந்தைத் தொப்பியில் நாடா, பொத்தான், உருண்டைக் குஞ்சம் எதுவும் வேண்டாம். கழுத்தைச் சுற்றக்கூடியதும் வாயில் போகக்கூடியதும் ஆபத்து.

எவ்வளவு நூல் வாங்குவது?

டபிள் நிட்டிங் பருமனில்: பெரியவர் தொப்பிக்கு 60 முதல் 80 கிராம், நடுத்தர அளவுச் சுவெட்டருக்குக் கம்பளியில் 400 முதல் 500 கிராம், அதையே பருத்தியில் பின்னினால் 600 கிராம் வரை. மெல்லிய 4 பிளை நூலில் ஒரு சோடி மேஸுக்கு 100 கிராம் போதும். எப்போதும் ஓர் உருண்டை கூடவே வாங்கி, லேபலில் உள்ள சாயத் தொகுதி எண் எல்லா உருண்டைகளிலும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு வாங்கிச் சேர்க்கும் உருண்டையில் அதே நிறம் அப்படியே அமைவது அரிது.

கொழுந்தெடுக்கும் கை. நூல் விரலில் மாட்டி மாட்டி இழுக்கிறது. கறையும் பிடிக்கிறது. என்ன செய்வது?

இதைக் கேட்டவர்கள் பலர், கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதற்கு அவசியமே இல்லை. நாள் முழுதும் கொழுந்து ஒடித்த விரல் நுனியில் தோல் வெடித்திருக்கும், தேயிலைச் சாறு கோடுகளில் கறுத்து இறங்கியிருக்கும். ஒரு தேக்கரண்டி சீனியில் தேங்காய் எண்ணெய் சில துளி விட்டு, இரண்டு கைகளையும் நன்றாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். சீனி சிலும்பிய தோலை எடுத்துவிடும், எண்ணெய் மென்மையாக்கும். வெடிப்பு ஆழமாக இருந்தால் தேய்க்க வேண்டாம். எண்ணெய் மட்டும் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போன பிறகு நூலைத் தொடுங்கள். கறை படியும் என்ற கவலை இருந்தால் முதலில் கருநீலம், கடும்பச்சை, அரக்கு போன்ற நிறங்களில் பின்னுங்கள். முறுக்கேறிய, வழவழப்பான நூலும் குறைவாகவே மாட்டும்; பஞ்சு பஞ்சாகச் சிலும்பும் நூலைத் தவிர்த்துவிடுங்கள்.

கொழுந்துக்கு ஓடிப் பழகிய விரல்கள் பின்னலைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்வது அவற்றுக்குப் புதிதில்லை.

பயணத்தில் பின்னலாமா?

பஸ்ஸில் வேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் ஊசியைக் கையில் வைத்திருப்பது உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து.

ரயில் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். நானுஓயாவில் ஏறி பதுளை வரை போகும் பாதையில், வண்டி ஆடி அசைந்து மெதுவாக ஏறும், இறங்கும். 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காற்றின் ஈரம் மாறுவதை நூலிலேயே உணரலாம். வழியில் சுரங்கங்கள் அடிக்கடி வரும். பெட்டிக்குள் இருட்டும்போது, எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னும் வேலை கையில் இருந்தால் நிறுத்தத் தேவையில்லை. இடது கைச் சுட்டுவிரல் நுனியே அடுத்த கண்ணி எது என்று காட்டிவிடும். பூவேலை, துளைவேலை எல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி நுனிகளில் போத்தல் தக்கையைக் குத்தி, துணிப்பைக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு, விருந்தாளிகள், பிள்ளைகளின் விடுமுறை. ஏப்ரலில் நேரம் ஏது?

நீண்ட நேரம் கிடைக்காது, உண்மை. சோறு வேகும் நேரம், பைப்படியில் தண்ணீருக்கு நிற்கும் நேரம், பலகாரம் ஆறும் நேரம் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு மட்டும் தொடாதீர்கள். இடையில் விட்டாலும் எண்ணிக்கை குழம்பாத வேலையை இந்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியில் 45 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட்டாக, சதுரம் ஆகும்வரை பின்னினால் கைதுடைக்கும் துணி. புத்தாண்டுக்கு வீட்டுக்கு வரும் நாத்தனாருக்கும் பெரியம்மாவுக்கும் அப்படி இரண்டு துணியை மடித்துக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த ஆண்டும் கேட்பார்கள்.

விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பழக்குவதும் நல்லது. ஏழு, எட்டு வயதில் விரல் சொன்னபடி கேட்கத் தொடங்கும். தடித்த ஊசி, தடித்த நூல், இருபது கண்ணிக்கு மேல் வேண்டாம். ஆண்பிள்ளை கேட்டால் அவனுக்கும் பழக்குங்கள். மறுக்க ஒரு காரணமும் இல்லை.

மழை மாதத்தில் துவைத்துக் காயவைப்பது எப்படி?

பின்னலாடையை ஈரத்தோடு கொடியில் தொங்கவிடக் கூடாது. தண்ணீரின் பாரம் அதை இழுத்து, தோளில் கூர் கிளப்பி, உருவத்தையே மாற்றிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அழுத்தித் துவைத்து, முறுக்காமல் பிழிந்து, காய்ந்த துவாயின்மேல் விரித்து, துவாயோடு சேர்த்துச் சுருட்டி அழுத்துங்கள். பாதி ஈரம் துவாய்க்குப் போய்விடும். பிறகு பெரிய சுளகிலோ பாயிலோ கையால் அளவு திருத்திப் பரப்பிவிடுங்கள். சுளகுக்கு அடியில் காற்று ஓடுவதால் அதுவே சிறந்தது. அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் புகை மணம் ஏறும், அக்ரிலிக் என்றால் சூட்டில் இளகும். அக்ரிலிக்கை அயன் பண்ணவே கூடாது. கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் பின்னிப் பிணைந்து சுருங்கிவிடும். அதை மீட்க வழியில்லை.

பூச்சி அரிக்காமல் வைப்பது எப்படி?

அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியைத்தான். அதிலும் வியர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தைத் தேடிப் போகும். ஆகவே துவைத்து நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள். வேப்பிலை, கராம்பு வைப்பது நம் வழக்கம். மணம் இருக்கும்வரை ஓரளவு விலக்கும், முட்டையைக் கொல்லாது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறி, காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுவதுதான் உறுதியான காவல். நாள் முழுதும் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். காற்றுப் புகாத பொலித்தீனில் அரை ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

தேயிலையில் நூலுக்குச் சாயம் ஏற்றலாமா?

ஏற்றலாம். தேயிலையில் உள்ள தனின் இழையோடு தானாகவே பிணைந்துகொள்ளும். வெள்ளைக் கம்பளி, பருத்தி இரண்டும் பிடிக்கும், அக்ரிலிக் பிடிக்காது. நூலின் எடைக்குப் பாதி அளவு தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, நனைத்த நூலை அதில் போட்டு, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். இளம் பழுப்பு வரும். துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டு வைத்த தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்தால் சாம்பல் கலந்த கருமை வரும். அளவு மிஞ்சினால் இரும்பு இழையை அரிக்கும். பெரிய வெங்காயத் தோலும் படிகாரமும் கம்பளிக்குப் பொன் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை கொடுக்கும். மஞ்சள்தூள் வேண்டாம், வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

பின்னி விற்றால் கட்டுபடியாகுமா?

சுவெட்டர் கட்டாது. ஆலைச் சுவெட்டர்கள் விற்கும் விலைக்கு நூல்கூட வாங்க முடியாது. தொப்பி, கைக்குழந்தைக் காலுறை போன்றவை வேறு. ஏப்ரல் சீசனுக்குத் தாழ்நிலத்திலிருந்து வருபவர்கள் மெல்லிய உடுப்போடு வந்து, மாலையில் கிரெகரி வாவிக் கரையில் குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது உடனே, பக்கத்திலேயே வேண்டும். நூலின் விலையை மட்டும் பார்த்து விலை சொல்லாதீர்கள். எத்தனை மணி நேரம் எடுத்தது என்று குறித்து, அந்த நேரத்துக்கு ஒரு கூலி வைத்து, இரண்டையும் கூட்டிச் சொல்லுங்கள். "கையால செய்ததுதானே, குறைச்சுத் தாங்க" என்பார்கள். கையால் செய்ததற்காகவே அந்த விலை.

பாதியில் விட்ட வேலையை எப்படி மீண்டும் எடுப்பது?

முதலில் ஊசியைப் பாருங்கள். மாதக்கணக்கில் கண்ணிகள் ஊசியிலேயே நின்றிருந்தால் அந்த வரிசை அகன்று, கோடுபோல் தெரியும். அதையும் அதற்குக் கீழே ஒரு வரிசையையும் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள். கழன்ற கண்ணி இருந்தால் பதற வேண்டாம். குரோஷே ஊசியை அந்த வளையத்துக்குள் விட்டு, மேலே ஏணிப்படிபோல் நிற்கும் நூல்களை ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றினால் மேலே வந்துவிடும். கண்ணிகளை எண்ணி, மாதிரியில் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள். இனி நீண்ட இடைவெளி விடுவதாக இருந்தால் கண்ணிகளை வேறு நிறப் பருத்தி நூலுக்கு மாற்றி, ஊசியை எடுத்துவிட்டு, ஊசி அளவையும் வரிசை எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பின்னலோடு குத்தி வையுங்கள். பென்சிலில் எழுதுங்கள், நம் மழைக்காலத்து ஈரத்தில் மை ஊறி நூலில் இறங்கும்.